மூன்று சுழி

அச்சகத்துக்காரர் கேட்டார்,
யார் நினைவாக என்று போடணும்?

குன்னூர் கீழ்ப் பஜாரில்
மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
யோகநாதன் என்னைப் பார்த்தான்.
நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.
பதினேழு நாள் இருந்தவளுக்கு
முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம்.
அதுவரை அவள் கால் பட்டையில்
தவமலர் குழந்தை, இரண்டு கிலோ நூறு.

அமுதினி என்றேன்.
வாய்விட்டு அந்தப் பெயரை நான் முதலில் சொன்னது
கை முழுக்க மை அப்பிய ஒருவரிடம்.
அவர் குறித்துக்கொண்டு
ஐம்பது தாளா, நூறு தாளா என்றார்.

ஐந்து ரசீதுப் புத்தகங்கள். நூறு நூறு தாள்.
வந்தபோது அமுதிணி.

திரும்ப அடிக்கச் சொல்கிறேன் என்று எழுந்தான்.
வேண்டாம், அந்தக் காசு டப்பாவுக்கு என்றேன்.
அன்றிரவு லைன் வீட்டில்
அவன் தாளைப் புரட்டிப் புரட்டித் தர
ணி மேல் ஒரு கோடு, பக்கத்தில் னி.
ஐந்நூறு தடவை.
பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுகிற மாதிரி இருக்கு
என்றான்.
பிறகு விடியும்வரை இருவரும் பேசவில்லை.

கீழே இறங்கும்போது
கொண்டை ஊசி வளைவுகளின் எண் குறையும்.
பதினான்கு. பதின்மூன்று.
ஒன்பதில் பனி, வண்டி ஊர்ந்தது.
ஆம்புலன்ஸ் தம்பி ஒரே கையால்
சின்னப் பையை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்தான்,
கை மாற்ற ஆளில்லை.
ஆறாவது பலகையை வாசித்தேன்.
ஐந்தாவதை வாசிக்கவில்லை.

டப்பா தூக்கிய முதல் வாரம்
எனக்குப் பால் வற்றவில்லை.
ஸ்வெட்டருக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு
வர்க்கி வாங்க நிற்பவர்களிடம் கை நீட்டினேன்.

நூறு ரூபாய் எடுத்தவர்கள்
பழக்கத்தில் ஒரு ரூபாயும் துழாவுவார்கள்.
பாதியில் கை நிற்கும்.
இது எந்தக் காரியம்?
நூறா, நூற்றியொன்றா?
எனக்கும் தெரியவில்லை.
சிலர் வைத்தார்கள், சிலர் வைக்கவில்லை.
இரண்டுக்கும் ரசீது கிழித்தேன்.

கொழுந்து மடுவத்தில் செவனம்மாக்கா
என் பேத்தி எடுத்த மூணு கிலோவை
இவள் கணக்கில் எழுது என்று கங்காணியிடம் சொல்ல
அவர் அதற்கு எங்கே கட்டம் என்று
பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பூங்கா வாசலில் குரங்குக் குல்லா போட்ட ஒருவர்
இதில் உங்களுக்கு எவ்வளவு தங்கும் என்றார்.
யோகநாதன் கொஞ்ச நேரம் நின்றான்.
ஒண்ணும் தங்கலைங்க.
அவர் கேட்டது வேறு.
ரசீது எண் இருநூற்றுப் பன்னிரண்டு, ஐம்பது ரூபாய்.

ஒன்றரை வருடம்.
மீதியைத் தேயிலைச் சங்கம் போட
மூக்கு வழியே காற்று கொடுக்கும் சின்ன இயந்திரம்
ஒரு வியாழக்கிழமை மலையேறி வந்தது,
பதினான்கு வளைவும் எண் கூடிக் கூடி.

ஸ்டிக்கரை நானே தருகிறேன், காசு வேண்டாம்
என்றார் அச்சகத்துக்காரர்.
தந்தார்.
இலவசமாக, அன்போடு, மூன்று சுழியில்.

மறுநாள் பேனாவோடு போனேன்.
செருப்பைக் கழற்றி, கை கழுவி,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
உள்ளே
ஷமீலா குழந்தை, ஒன்றரைக் கிலோ,
அந்தத் தப்புப் பெயருக்குக் கீழே
நெஞ்சு ஏறி இறங்கப் படுத்திருந்தது.
இன்னொரு நாள் வாங்கக்கா,
இந்தப் பெட்டி காலியாகட்டும் என்றார் நர்ஸ்.

அடுத்த மாதம் போனேன். வேறு பட்டை.
ஆடி மழையில் போனேன்.
இரட்டையில் ஒன்று.
காலியாகவில்லை.

பேனா பையில்தான் கிடக்கிறது,
சில்லறையோடு.